ஃபுளூவாக்ஸெட்டினா, செர்ட்ராலினா?

மனச்சோர்வுக்கான இவ்விரு மாத்திரைகளும், நரம்பு இணைப்பில் வெளியான செரோடோனின் என்ற வேதித்தூது மீண்டும் உள்ளிழுக்கப்படுவதைத் தடுப்பவை. உடலின் செரோடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது; அங்கு செரோடோனினை உணரும் 5-எச்டி3 ஏற்பிகள் தூண்டப்படுவதால், மனம் தெளிய வாரங்கள் ஆகும்போது வயிற்றுப் புரட்டல் மட்டும் முதல் சில நாள்களிலேயே வந்துவிடுகிறது.

தங்கும் காலம்: ஃபுளூவாக்ஸெட்டினும் அதன் சிதைபொருளும் வாரக்கணக்கில் உடலில் தங்குகின்றன.
செர்ட்ராலினின் அரையாயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகும் நேரம், ஏறத்தாழ 26 மணி நேரமே. மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய், மூன்றாம் நாள் தலைசுற்றலோடு திரும்புபவர் பெரும்பாலும் இதை உட்கொள்பவராகவே இருப்பார்.

தொல்லைகள்: முன்னதில் படபடப்பும் தூக்கமின்மையும் கூடுதல், பின்னதில் வயிற்றுப்போக்கு.

பிற மருந்துகள்: தமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் கல்லீரலின் சிஒய்பி2டி6 நொதியை ஃபுளூவாக்ஸெட்டின் வலுவாகத் தடுப்பதால், மார்பகப் புற்றுநோய்க்கு அம்மருந்தை எடுப்பவருக்கு ஏற்றதன்று, செர்ட்ராலின் வழக்கமான அளவில் அவ்வளவு குறுக்கிடுவதில்லை.

விலையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. இரண்டுமே பொதுப்பெயரில் கிடைக்கின்றன.

மாத்திரையை அடிக்கடி மறப்பவருக்கும் மனச்சோர்வுள்ள சிறாருக்கும் ஃபுளூவாக்ஸெட்டின் பொருந்தும். பாலூட்டும் தாய்க்கும் மாரடைப்பு கண்டவருக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் செர்ட்ராலினையே முதலில் நாடுகின்றனர்.