இறால் குட்டையா, கெண்டைக் குட்டையா? ஒரு கடைமடைக் கணக்கு

சீர்காழிக்குக் கிழக்கே உப்பனாற்றை ஒட்டி எங்களுக்குள்ள ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், சில ஆண்டுகளாகத் தரிசாகக் கிடந்தது. இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விடுவதா, நாங்களே குட்டை வெட்டிக் கெண்டை வளர்ப்பதா என்று யோசித்து, இரண்டாவதில் இறங்கி மூன்று பிடிப்பும் முடித்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டை நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

வரவில் இறாலே மேல் என்பதில் வாதமில்லை. உவர்நீரில் வளர்க்கும் வனாமி வகை இறால் 100 முதல் 120 நாளில் பிடிப்புக்கு வந்து ஏற்றுமதி விலைக்குப் போகும். கெண்டை வகைகளான கட்லாவும் ரோகுவும் ஒரு கிலோவை எட்ட எட்டு, பத்து மாதம் ஆகும். இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டால் குட்டையே காலி என்பதும் தெரிந்ததுதான். இறாலை நான் வளர்த்ததில்லை. பக்கத்து நிலத்தில் பார்த்ததை வைத்தே பேசுகிறேன்.

எனக்கு முடிவாக நின்ற கேள்வி ஒன்றே: தொழிலை விட்டுவிட்டால் நிலம் மறுபடி நெல்லுக்கு வருமா? பக்கத்துப் பண்ணை மூடி ஆறாண்டு ஆகிறது. மாசி பிறந்ததும் அதன் தரையில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் உப்புப் பூக்கிறது. உப்புமண்ணில் முளைக்கும் உமிரிச் செடியைத் தவிர வேறெதுவும் தலைகாட்டுவதில்லை. பண்ணை நடந்த காலத்தில் கரைவழியே கசிந்த உவர்நீரில், எங்கள் வரப்போரம் நான்கு வரிசை நாற்று நுனியிலிருந்து கருகியது. அந்த உப்பைக் கழுவ வேண்டுமானால் நல்ல தண்ணீரைக் கட்டிக் கட்டி வடிக்க வேண்டும்; கடைமடையிலோ தண்ணீர் கடைசியாக வரும், வடிகாலும் தூர்ந்து கிடக்கும். இந்தச் செலவைக் குத்தகைச் சீட்டில் எவரும் எழுதுவதில்லை. எங்கள் குட்டையில் முதல் சித்திரையில் நீரை வடித்து அள்ளிய கறுப்பு வண்டலை வயலுக்கு அடித்தேன். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் அந்தச் சம்பா வெளுக்கவில்லை.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. நாலு போகம் பயிரிடாமல் போட்டுவைத்த நிலம் விளைநிலமா, தரிசா என்பதில்தான் ஆட்கள் நுழைந்துகொள்கிறார்கள். என்னிடம் குத்தகை கேட்டு வந்தவரும் அதையே சொன்னார். இதற்கிடையே, 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் நன்னீர்க் குட்டைக்கும் உவர்நீர்க் குட்டைக்கும் ஒரே மானிய விகிதந்தான்: பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. நிலத்தைத் திருப்பித் தரும் குட்டைக்கும் தராத குட்டைக்கும் ஒரே மானியம் என்பது எனக்கு ஒப்பவில்லை. உவர்நீர்ப் பண்ணையிடம் நிலத்தை மீட்பதற்கென ஒரு பிணைத்தொகையைக் கட்டவைத்துவிட்டு மானியத்தைத் தரலாம். முகத்துவாரத்தில் ஏற்கெனவே உப்பேறி எதற்கும் ஆகாமல் கிடக்கும் மண்ணில் இறால் வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை.

கெண்டையிலும் குறை உண்டு. கடல்மீன் ருசி கண்ட ஊரில் முள் அதிகம் என்று முகம் சுளிக்கிறார்கள். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. கெண்டையின் பத்து மாதம் அதற்குள் அடங்காது. முதல் ஆண்டு பங்குனி முழுக்க ஆழ்குழாய்க் கிணற்றைத்தான் நம்பியிருந்தேன். அடுத்த ஆண்டு, விரலளவுக் குஞ்சுக்குப் பதிலாக, நெருக்கி வளர்த்து நூறு கிராம் ஆன குஞ்சை விட்டதில் ஏழாம் மாதமே பிடிக்க முடிந்தது. குட்டைக்கு மானியம் தருகிறவர்கள் இத்தகைய குஞ்சை ஆற்றில் தண்ணீர் வரும் வாரத்திலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். இப்போது அது வெளியூரிலிருந்து ஆடிக் கடைசியில்தான் வந்து சேர்கிறது. அதுவரை குட்டையில் தண்ணீர் சும்மா நிற்கிறது.