வீட்டு சர்வர்: போர்ட் திறப்பதா, டனலா, விபிஎஸ்ஸா?

பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியிலோ ஒரு தளத்தை ஓடவிடுவது பெரிய வேலையில்லை. அதை வெளியிலிருந்து திறக்க வைப்பதில்தான் தலைவலி. பரவலாக இருக்கும் வழிகள் மூன்று: ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை நேரே வீட்டு சர்வருக்குத் திருப்புவது), கிளவுட்ஃப்ளேர் டனல் (கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் நடுவில் நின்று கோரிக்கையைக் கடத்துவது), வாடகை விபிஎஸ் (இணையத்தில் எங்கோ ஓடும் மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக இணைப்பு. செலவையும் வேகத்தையும் விடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தளம் படுத்துக்கொண்டால் எதில் கோளாறு சீக்கிரம் பிடிபடும் என்பதுதான் என் கணக்கு.

போர்ட் ஃபார்வர்டிங்கில் நடுவே ஆள் கிடையாது. அதனால் தேட வேண்டிய இடமும் குறைவு. முதலில் ரூட்டர் காட்டும் வான் ஐபியை, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி. 2012ல் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் இந்த வரிசையை அதற்கென்றே ஒதுக்கியது. ரூட்டரில் எத்தனை விதி எழுதினாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம், இல்லையென்றால் இந்த வழியை மறந்துவிடலாம். இன்னொரு குழப்பமும் உண்டு. வீட்டு வைஃபையில் இருந்தபடி டொமைனைத் தட்டினால் சில ரூட்டர்கள் தங்கள் லாகின் பக்கத்தையே காட்டும். தளம் நன்றாகத்தான் இருக்கும். மொபைல் டேட்டாவில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

சிஜிநாட் காரர்களுக்கு டனல் வரப்பிரசாதம். வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது, பிழை எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுவது. 1033 வந்தால் வீட்டில் கிளவுட்ஃப்ளேர்டி (டனலைப் பிடித்து வைக்கும் நிரல்) ஓடவில்லை, அல்லது நெட் இல்லை. 502 வந்தால் டனல் உயிரோடு இருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் செயலியைத்தான் எட்ட முடியவில்லை. டாக்கரில், அதாவது ஒவ்வொரு நிரலையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டுபவர்களுக்கு இந்த 502 அடிக்கடி வரும். சர்வீஸ் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று போட்டிருப்பார்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். கிளவுட்ஃப்ளேர்டி, செயலி இரண்டின் கன்டெய்னர்களையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்து, செயலியின் கன்டெய்னர் பெயரையும் அது உள்ளே கேட்கும் போர்ட்டையும் போட்டால் வேலை முடிந்தது.

ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரே கோரிக்கையில் 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. இம்மிச் என்ற படச் சேமிப்புச் செயலியில் படமெல்லாம் ஏறி, நீளமான வீடியோ மட்டும் 413 பிழையோடு நின்றால் சர்வரைக் குடையாதீர்கள், காரணம் இதுதான். தவிர, எச்டிடிபிஎஸ் பூட்டு கிளவுட்ஃப்ளேரிடமே திறக்கப்படுகிறது, அதாவது போய்வரும் தகவலை அவர்களால் பார்க்க முடியும். அது உறுத்தினால் இந்த வழி வேண்டாம்.

விபிஎஸ்ஸும் வயர்கார்டும் சேர்ந்தால் சுதந்திரம் அதிகம், ஆனால் கோளாறு வந்தால் மூன்றில் இதுதான் படுத்தும். காரணம், வயர்கார்ட் ஊமை. சாவி தப்பாக இருந்தாலும் முகத்துக்கு நேரே பிழை எதுவும் சொல்லாது. டபிள்யூஜி ஷோ கட்டளையில் கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் கைகுலுக்கியது) எப்போது என்ற வரி ஒன்றுதான் துப்பு. அந்த வரியே இல்லையென்றால் சாவியையும், விபிஎஸ் ஃபயர்வாலில் யூடிபி போர்ட்டையும் பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் இணைப்பு செத்துப்போனால், வீட்டுப் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவை (இணைப்பை உயிரோடு வைக்க எத்தனை வினாடிக்கு ஒருமுறை தட்ட வேண்டும் என்ற அமைப்பு) 25 என்று வையுங்கள். பிங் போகிறது, சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய பக்கம் மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் பெரும்பாலும் எம்டியூ, அதாவது ஒரே தவணையில் அனுப்பும் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் வழக்கமான 1420 பெரியதாக இருக்கலாம், 1412க்குக் குறைத்துப் பாருங்கள்.

சரி, எதை எடுப்பது? வலைப்பதிவு, சின்னத் தளம் என்றால் யோசிக்காமல் டனல். பெரிய கோப்புகள் ஏறி இறங்கும் என்றால், பொது ஐபி உள்ளவர்கள் போர்ட்டைத் திறக்கலாம், மற்றவர்கள் விபிஎஸ்ஸோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். வீட்டு ஆட்கள் மட்டும்தான் பார்க்கப்போகிறார்கள் என்றால் இந்த மூன்றும் வேண்டாம். சர்வரிலும் ஒவ்வொருவர் போனிலும் டெயில்ஸ்கேல் (சாதனங்களைத் தனி வலையில் இணைக்கும் விபிஎன் செயலி) போட்டுக் கொடுத்துவிடுங்கள்.