ஓட் ரூட்டா, சில்வ்ரெட்டாவா?
ஆல்ப்ஸ் மலையில கைடோட, ஒவ்வொரு மலைக்குடிலா (ஹட்) தங்கி, ஸ்கீயிலயே ஏறி இறங்கிப் போற ஹட் டு ஹட் ஸ்கீ டூரிங்னாலே எல்லாரும் ஓட் ரூட்டுக்குத்தான் ஆசைப்படுறாங்க, பிரான்ஸ் சாமொனில இருந்து சுவிஸ் ஜெர்மாட் வரைக்கும், பேரே கெத்துதான். ஆனா நடுவுல ஒருநாள் வானிலை கெட்டா அடுத்த ஹட்டுக்குப் போக முடியாது, மிச்ச புக்கிங்கும் போச்சு, பள்ளத்தாக்குக்கு இறங்கி பஸ், டாக்ஸினு சுத்தணும். வின்யெட் ஹட்லேர்ந்து (3160 மீ) கடைசி நாள் வழக்கமா மூணு கணவாய் தாண்டணும், கால் கழண்டுடும்.

ஆஸ்திரியா பக்கம் சில்வ்ரெட்டா மலைத்தொடர்ல அப்படி இல்ல, யாம்தால், வீஸ்பாடன் ஹட்கள்ல ரெண்டு மூணு ராத்திரி தங்கி, பாதி சுமையை அங்கயே வச்சுட்டு 3312 மீட்டர் பீட்ஸ் பூயின் சிகரம் பக்கம் போயிட்டு வரலாம், பனிச்சரிவு அபாயம் கூடினா கைடு வேற பக்கம் மாத்திடுவார். பனிப்பிளவு ரெண்டுலயும் உண்டு, ஹார்னஸ் (கயிறு மாட்டுற இடுப்புப் பட்டை) கட்டாயம். கிக் டர்ன்ல (செங்குத்தா ஏறும்போது ஸ்கீயை ஒவ்வொண்ணா தூக்கித் திருப்புறது) இன்னும் தடுமாறுறீங்கன்னா சில்வ்ரெட்டாதாங்க.