ஐரோப்பாவில் ஐந்து மாதம்: எந்த நாட்டை முதலில் வைப்பது?

சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து நான்கைந்து மாதம் ஐரோப்பா சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மேப்பை விரித்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். பாரிஸ், அங்கிருந்து சுவிஸ், அப்படியே இத்தாலி என்று கோடு போட்டுவிட்டுக் கடைசியில் விசாவுக்கு வருகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இது தலைகீழ் வேலை. எந்த நாடு முதலில், எது கடைசியில் என்பதை விசாத் தேதிகள்தான் முடிவு செய்யும்.

ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இப்போது 29 நாடுகள். 2023-இல் குரோஷியா சேர்ந்தது. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக உள்ளே வந்தன. எந்த 180 நாளை எடுத்தாலும் இந்த 29 நாடுகளிலும் சேர்த்து 90 நாள்தான் இருக்கலாம். நுழையும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஏப்ரல் 1 நுழைந்தால் ஜூன் 29 கடைசி. நடுவில் ஒரு வாரம் வெளியே போய்வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது. 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியே நாள்களை எண்ணுகிறது. முத்திரை மங்கியிருக்கிறது என்ற சாக்கெல்லாம் இனி செல்லாது.

மிச்ச இரண்டு மாதத்தை எங்கே கழிப்பது? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, 90 நாளோடு திரும்பிவிடுவது. ஒரே விசா, பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, முடிந்தது. வயதான பெற்றோருடன் போகிறவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இரண்டாம் வழியை இணையத்தில் பலரும் சொல்வார்கள்: 45 நாள் ஷெங்கன், 40 நாள் தென்கிழக்கு ஐரோப்பாவில் ஷெங்கனுக்கு வெளியே உள்ள பால்கன் நாடுகள், மறுபடி 45 நாள் ஷெங்கன். செர்பியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா மூன்றும் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களைத் தனி விசா இல்லாமல் அனுமதிப்பதால் கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் விசா ஸ்டிக்கரில் இருக்கிறது. முதல்முறை விண்ணப்பிக்கிறவருக்குப் பல தூதரகங்கள் கேட்ட தேதிக்கு மட்டும், சில சமயம் ஒரே நுழைவாகத்தான் தருகின்றன. ஒரே நுழைவு விசாவோடு செர்பியாவுக்குள் போய்விட்டால் திரும்ப ஷெங்கன் நாடான ஹங்கேரிக்குள் நுழைய முடியாது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு வந்த சலுகையில் இரண்டு வருட விசா உண்டு. ஆனால் முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்குத்தான். ஏற்கெனவே அப்படிப் போய்வந்தவர்களுக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்குச் சூதாட்டம்.

எங்கள் தேர்வு மூன்றாவது: முதலில் ஷெங்கனில் சேராத பிரிட்டன், அடுத்து பால்கன், கடைசியில் ஷெங்கன். ஏப்ரல் முழுக்க பிரிட்டன், மே முழுக்க பால்கன், ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 29 வரை ஷெங்கன் 90 நாள். மொத்தம் 151 நாள். பிரிட்டன் பார்வையாளர் விசா ஆறு மாதம் செல்லும், பலமுறை நுழையலாம். மேலே சொன்ன மூன்று பால்கன் நாடுகளும் அதையும் ஏற்கின்றன. அல்பேனியா மட்டும், விசாவை அது கொடுத்த நாட்டில் ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனை முன்னால் வைக்க அதுவே ஒரு காரணம். ஷெங்கனுக்கு ஒரே நுழைவு கிடைத்தாலும் திட்டம் கெடாது.

இன்னொரு காரணம் விண்ணப்பத் தேதி. ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பிரிட்டனுக்கு மூன்று மாதம்தான். வரிசையைத் திருப்பிப் போட்டு ஷெங்கனுக்கு ஏப்ரலில் கிளம்பினால், ஜூலையில் போகும் பிரிட்டனுக்கு ஏப்ரலில்தான் விண்ணப்பிக்க முடியும். அப்போது நீங்கள் ஊரில் இல்லை. நாங்கள் சொல்லும் வரிசையில் டிசம்பர் முதல் வாரம் ஷெங்கன், பாஸ்போர்ட் திரும்பியதும் ஜனவரி நடுவில் பிரிட்டன். ஷெங்கனுக்கு 15 நாள் என்பார்கள், 45 வரை இழுக்கலாம். பிரிட்டனுக்கு வழக்கமாக மூன்று வாரம்.

ஏற்காட்டு எஸ்டேட்காரர்களுக்கு இதில் ஒரு இடைஞ்சல்: டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிப்பு. கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும் என்பதால் ஷெங்கனுக்கு நவம்பரிலேயே நாள் பதிவு செய்துவையுங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தோட்டத்தை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விவசாய வருமானத்துக்குப் பெரும்பாலும் வரி இல்லாததால் இவர்களுடைய வருமான வரிக் கணக்கு மெலிந்து காணப்படும். பட்டா, சிட்டா, காப்பி விற்ற ரசீதுகள், அந்தப் பணம் வங்கியில் வந்து விழுந்த பக்கங்கள் எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் ஜிஎஸ்டி தாக்கல்களைச் சேர்க்கலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென லட்சக்கணக்கில் விழுந்திருந்தால் அதிகாரி முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

ஷெங்கன் விண்ணப்பம் முதலில் நுழையும் நாட்டுக்கு அல்ல, அதிக நாள் தங்கும் நாட்டுக்கு. நாள்கள் சமமாக இருந்தால்தான் முதல் நுழைவு. குரோஷியா வழியே நுழைந்து இத்தாலியில் 40 நாள் என்றால் இத்தாலிக்கு.

மூன்றாம் வழியின் குறைகளும் உண்டு. ஏற்காட்டு ஜனவரிக்கு வாங்கிய ஸ்வெட்டர் ஸ்காட்லாந்து ஏப்ரலுக்குப் போதாது; காற்றையும் மழையையும் தடுக்கும் மேல்கோட்டு வேண்டும். இரண்டு விசாக் கட்டணம். பிரிட்டன் விசா ஸ்டிக்கர் இல்லாமல் மின்னணு வடிவில் வந்தால், எல்லையில் எதைக் காட்ட வேண்டும் என்று அந்தந்தத் தூதரகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடுமுன் மறுபடி பாருங்கள்.

பால்கனில் இரண்டு பொறிகள். அல்பேனியாவிலிருந்து கொசோவோவுக்குள் போய் அங்கிருந்து நேரே செர்பியாவுக்குள் நுழையாதீர்கள். செர்பியா அதைச் சட்டப்படியான நுழைவாகவே ஏற்காது. செர்பியாவில் 24 மணி நேரத்துக்குள் தங்குமிடப் பதிவு வேண்டும். ஓட்டல்கள் தாமே செய்துவிடும். வாடகை வீட்டில் வீட்டுக்காரரைக் கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். தலைநகர் பெல்கிரேடில் 2025 ஜனவரி முதல் நகரப் பேருந்து இலவசம் என்பது உபரி லாபம். அங்கிருந்து மலைகளைக் குடைந்து மாண்டினீக்ரோவின் பார் நகருக்கு இறங்கும் 476 கிலோமீட்டர் ரயில் பாதையை, பகல் ரயில் இருந்தால் பகலிலேயே கடந்துவிடுங்கள். பிறகு கோட்டோர் வழியே குரோஷியாவின் துப்ரோவ்னிக்குக்குப் பேருந்து.

ரயிலுக்குப் பல நாடுகளிலும் செல்லும் யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா? மூன்று மாதத் தொடர் பாஸ் தேவையில்லை. ஒரு ஊரில் ஐந்தாறு நாள் தங்குகிறவருக்குப் பாதி நாள் வீண். இரண்டு மாதத்துக்குள் 15 பயண நாள் தரும் பாஸ் பொருந்தும், அதுவும் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் அதிகம் இருந்தால். அங்கே பெரும்பாலான ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலி, ஸ்பெயினின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் முன்பதிவுக்குத் தனிப் பணம். அந்த நாடுகளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தனி டிக்கெட் வாங்குவது மலிவு. அல்பேனியா பாஸில் இல்லை, அங்கே வேன்தான்.

விமானத்தைப் போகவர ஒரே ஊருக்குப் போடாதீர்கள். பெங்களூரிலிருந்து லண்டன், திரும்ப ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பெங்களூரு என்று ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். சேலத்துக்கு பெங்களூரு 200 கிலோமீட்டர், சென்னை 340. ஆனால் பெங்களூரு விமான நிலையம் நகரின் வடகோடியில். நகர நெரிசலுக்கென்று கூடுதலாக மூன்று மணி நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள். திரும்பும் டிக்கெட்டை ஆகஸ்ட் 29-க்குப் போடாமல் 27-க்குப் போடுங்கள். விமானம் ரத்தானால் அந்த இரண்டு நாள் கைகொடுக்கும்.