‘ஐ5, 4 ஜிபி கிராபிக்ஸ்’ என்று மட்டும் எழுதித் தரும் கடைகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை

சென்ற வாரம் எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை, தம் மகனுக்குக் கணினி வாங்குவதற்காகச் சென்னையில் எழுதி வாங்கிவந்த எஸ்டிமேட் சீட்டை என்னிடம் நீட்டி, “சார், இந்த விலை சரிதானா பாருங்கள்” என்று கேட்டார். விலையை நான் பார்க்கவில்லை. மேலே இருந்த வரிகளைப் பார்த்ததுமே, 2023 ஜூன் மாதம் என் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு விழுப்புரம் திரும்பிய சீட்டு நினைவுக்கு வந்துவிட்டது. கடை வேறு, கையெழுத்து வேறு. வரிகள் மட்டும் ஏறக்குறைய அதேதான். எனக்கு நேர்ந்ததை அவரிடம் சொன்னபோது, இதை எழுதி வைத்தால் இன்னும் சிலருக்குப் பயன்படும் என்றார். அதனால் எழுதுகிறேன்.

என்னுடைய சீட்டில் ஐந்து வரிகள் இருந்தன: ஐ5 பிராசஸர் வித் போர்டு, ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256, 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ், கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ் 500. அவற்றின் கீழே கோடு இழுத்து, மொத்தம் 31,500 ரூபாய் என்று எழுதி, கடையின் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். பிராசஸர் என்பது கணினியின் மூளை, ஐ3, ஐ5 என்பவை இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர் வரிசைகள். போர்டு எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை, ரேம் தற்காலிக நினைவகம், எஸ்எஸ்டி கோப்புகளைச் சேமிக்கும் பாகம், கிராபிக்ஸ் கார்டு திரைக்காட்சிகளை உருவாக்கும் பாகம், எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. சீட்டின் ஐந்து வரிகளில் பொய் என்று சட்டப்படி சுட்டக்கூடியது ஒரே ஒரு வரிதான் என்பது எனக்கு மிகவும் பின்னால்தான் விளங்கியது. மற்ற நான்கு வரிகளிலும் எழுதப்பட்டவை அனைத்தும் உண்மை. எழுதாமல் விடப்பட்டவற்றில்தான் என் பணம் போயிற்று.

என் மகள் அந்த ஆண்டுதான் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பில் சேர்ந்திருந்தாள். முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளுக்கு நல்ல கணினி வேண்டும் என்றாள். கையில் இருந்தது 32,000 ரூபாய். வீட்டில் ஒரு பழைய மானிட்டர் இருந்ததால் அந்தச் செலவு இல்லை. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை, அந்தத் தெருவிலேயே நேர்மையாக வியாபாரம் செய்பவர்களைப் பிறகு நானே பார்த்தேன். நான் நுழைந்த கடை அப்படிப்பட்டதாக இல்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். தேநீர் வரவழைத்தார். “ஐ3 எல்லாம் இப்ப யாரும் வாங்கறதில்லை சார், உங்களுக்கு ஐ5-ஏ போட்டுத் தர்றேன்” என்றார். ஐந்து மூன்றைவிடப் பெரியது என்ற கணக்கில் நானும் தலையாட்டினேன். எந்தத் தலைமுறை ஐ5 என்று கேட்க வேண்டும் என்பதே அன்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தரப்பட்டது ஐ5-3470. அந்த எண்ணின் முதல் இலக்கமான 3, அது மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கிறது. இன்டெல் அதை வெளியிட்ட ஆண்டு 2012. அதாவது, என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது வந்த பிராசஸர், அவள் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தது. பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: 10100 என்றால் பத்து, 12100 என்றால் பன்னிரண்டு. கடைக்காரர் இளக்காரமாகப் பேசிய ஐ3 வரிசையில், 2022-இல் வந்த ஐ3-12100-இலும் கணக்கு வேலையைச் செய்யும் உட்பகுதிகளான கோர்கள் நான்கே இருந்தாலும், அவை ஒரே நேரத்தில் எட்டுப் பணி இழைகளை, அதாவது தனித்தனி வேலை வரிசைகளை, கையாளும்; என்னுடையது நான்கோடு நின்றுவிடும். ஒவ்வொரு கோரின் வேகத்திலும் அந்த ஐ3 வெகு தூரம் முன்னே நிற்கிறது. பெயரில் இருக்கும் 3, 5, 7 என்பவை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான் உதவும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு 31,500 ரூபாய் செலவாயிற்று.

பிராசஸர் பழையதானால் போர்டும் பழையதாகவே இருக்க வேண்டியிருக்கிறது என்பது அடுத்த சிக்கல். போர்டின் முக்கியச் சிப்பான எச்61 என்ற சிப்செட் 2011-இல் வந்தது. அந்தச் சிப்செட்டை வைத்து இன்றும் புதிதாகப் போர்டு செய்து, பளபளக்கும் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள், எம்.2 எஸ்எஸ்டி செருகும் இடம்கூடச் சிலவற்றில் இருக்கிறது. ஆகவே “போர்டு புத்தம் புதுசு சார், சீல் பிரிக்காதது” என்று கடைக்காரர் சொன்னதும் உண்மையே. ஆனால் அதில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசஸர்களைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது, டிடிஆர்3 என்ற பழைய வகை ரேமைத் தவிர வேறு ரேம் ஏறாது. பிற்பாடு கொஞ்சம் பணம் சேர்த்து ஒரு பாகத்தை மட்டும் மேம்படுத்தலாம் என்ற நம்பிக்கையில்தான் என்னைப் போன்றவர்கள் அசெம்பிள் கணினியை நாடுகிறோம். அந்த வழி வாங்கிய அன்றே அடைபட்டுவிட்டது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. இந்தச் செய்தி நான் வாங்கும் காலத்திலேயே வெளிப்படையாகத் தெரிந்ததுதான். விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

ரேமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு 4 ஜிபி துண்டுகளாகப் போட்டிருந்தால் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓடியிருக்கும். ஒரே 8 ஜிபி துண்டைச் செருகியிருந்தார்கள். எஸ்எஸ்டியை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சோதித்தபோது, அது எங்கள் வீட்டுக்கு வரும் முன்பே பல ஆயிரம் மணி நேரம் எங்கோ உழைத்துவிட்டு வந்திருப்பது தெரிந்தது. சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புதியது என்று எங்கும் எழுதப்படவில்லை.

இனி கிராபிக்ஸ் கார்டு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்பது 2016 அக்டோபரில் வந்த கார்டு. கிராபிக்ஸ் கணக்குகளைச் செய்யும் 768 கூடா கோர்களும் 4 ஜிபி நினைவகமும் கொண்டது. 75 வாட்டுக்குள் வேலை செய்வதால் குறைந்த செலவில் கணினி அமைப்பவர்கள் நெடுங்காலம் விரும்பி வாங்கியது. எங்கள் பழைய மானிட்டரில் பழைய வகையான விஜிஏ கேபிள்தான் உண்டு என்று நான் தயங்கியபோது, கடைக்காரர் கார்டைத் திருப்பி அதன் பின்புறத்தைக் காட்டினார். நீல நிற விஜிஏ துளை அதிலேயே இருந்தது. “பாருங்க, கன்வெர்ட்டர் செலவுகூட உங்களுக்கு மிச்சம்” என்றார். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. உண்மையான 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் தலைமுறைச் சிப்புகளில் விஜிஏ வகை அனலாக் வெளியீடே கிடையாது என்பதையும், எனக்குச் சலுகையாகக் காட்டப்பட்ட அந்தத் துளைதான் கார்டு போலி என்பதற்கு முதல் சாட்சி என்பதையும், மூன்று வாரம் கழித்து என் முன்னாள் மாணவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

கிளம்பும்போது கடைக்காரர் என் மகளிடம், “எல்லாம் போட்டுக் குடுத்திருக்கேன்மா, டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணிடாதே” என்று இரண்டு முறை சொன்னார். டிரைவர் என்பது கார்டை விண்டோஸ் இயக்குவதற்கு உதவும் மென்பொருள். அவளும் சில நாள் அப்படியே இருந்தாள். ஆனால் பிளெண்டரின் அமைப்புகளில் அந்தக் கார்டு தோன்றவே இல்லை. ரெண்டர் செய்வதற்கு, அதாவது உருவத்தை முழுப் படமாக்குவதற்கு, ஏற்ற கார்டு எதுவும் இல்லை என்ற செய்திதான் வந்தது. கொஞ்சம் பெரிய காட்சியைத் திறந்தாலே திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறின. கடைசியில், இத்தகைய கார்டுகளின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியாவின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவினாள்; திரை கறுத்துப்போயிற்று.

அந்த மாணவர் வீட்டுக்கு வந்து, ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டினார். 2018-இலிருந்து அது போலிக் கார்டுகளைக் கண்டறிந்து, பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று அடைப்புக்குறிக்குள் காட்டிவிடுகிறது. எங்களுக்கும் காட்டியது. உள்ளே இருந்தது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. 192 கோர்கள், 1 ஜிபி நினைவகம். அதன் பயாஸை, அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரலை, திருத்தி, பெயரையும் நினைவக அளவையும் மாற்றிச் சொல்லும்படி செய்திருந்தார்கள். 1 ஜிபியைத் தாண்டிப் பயன்படுத்த முயலும்போதெல்லாம் இல்லாத இடத்தில் எழுதப் போய் அது தடுமாறியிருக்கிறது. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா 2018-இலேயே நிறுத்திவிட்டது. அப்டேட் செய்யாதே என்ற அறிவுரையின் பொருள் அப்போதுதான் புரிந்தது.

எஸ்எம்பிஎஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணினி திடீர் திடீரென்று அணைந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். சீட்டில் ‘500’ என்று இருந்ததே தவிர ‘வாட்’ என்று இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக அச்சிட்டிருந்த 500 அதன் மாடல் பெயராம். ஒட்டியிருந்த சிறு அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 192 வாட். பிராசஸருக்கு வரையறுக்கப்பட்டது 77 வாட், அந்த 550 டிஐக்கு 116 வாட். இரண்டையும் கூட்டினாலே 193. டிஸ்க்கையும் விசிறிகளையும் இன்னும் சேர்க்கவில்லை. கடையிலேயே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்த்திருக்கலாம். எஸ்எம்பிஎஸ் என்பது ஏதோ ஒரு பெட்டி, அதில் என்ன பார்ப்பது என்று நினைத்துவிட்டேன். அடுத்த முறை வாங்குகிறவர்கள் அந்த 12 வோல்ட் வரியையும் 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றையும் பார்க்காமல் நகர வேண்டாம். மலிவான எஸ்எம்பிஎஸ் பழுதானால் தன்னோடு மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

திரும்பக் கேட்கப் போன கதை சுருக்கமானது. முதல் முறை போனபோது, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். பில் எங்கே என்று கேட்டார்கள். பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி கூடும் என்று சொல்லி, வேண்டாமென்று என்னையே சொல்லவைத்தவர்கள் அவர்கள்தான். 5,670 ரூபாய் மிச்சம் என்று நானும் அன்று மகிழ்ந்திருந்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. சுவரில் தாள் ஒட்டினால் சட்டம் மாறிவிடாது. நான் யுபிஐயில் பணம் செலுத்திய பதிவு, முத்திரை குத்திய சீட்டு, ஜிபியு-இசட் காட்டிய திரையின் படம் ஆகிய மூன்றின் நகல்களையும் இணைத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போவதாக ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தபால் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் கடைக்காரரே அழைத்தார். கார்டை எடுத்துக்கொண்டு 6,000 ரூபாய் தந்தார். உண்மையான 1050 டிஐக்கு அது மிகக் குறைவு என்றேன். “சீட்டுல கார்டுக்குத் தனி ரேட் எங்க சார் இருக்கு?” என்று திருப்பிக் கேட்டார். மொத்தத் தொகை மட்டும் எழுதப்பட்டதன் காரணமும் அப்போது தெளிவாயிற்று. ஐ5-ஐப் பற்றிக் கேட்டேன். “ஐ5-ன்னு சொன்னேன், ஐ5 குடுத்தேன்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த மாணவர் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். அதே தொகைக்குள் அன்று, ஆறு கோர்களும் உள்ளேயே கிராபிக்ஸும் கொண்ட ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி பிராசஸர், அதற்கேற்ற போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், புதிய எஸ்எஸ்டி, ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் ஆகியவை அடங்கியிருக்கும். கிராபிக்ஸ் கார்டை ஓராண்டு கழித்து வாங்கியிருக்கலாம். கிராபிக்ஸ் உள்ளடங்கியதா என்பதையும் எண்ணின் கடைசி எழுத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டுமாம்: 12100-இல் உண்டு, அதே எண்ணின் முடிவில் எஃப் சேர்ந்தால் இல்லை. எஃப் உள்ளதைக் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவந்து, கார்டு இல்லாமல் திரை ஏன் வரவில்லை என்று விழித்தவர்களையும் அவருக்குத் தெரியுமாம்.

கணித ஆசிரியை என்னைவிடக் கவனமானவர். சீட்டின் பின்புறத்தில், ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண், புதியதா பழையதா, தனி விலை, வாரண்டி யார் தருவது, ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணைக் குறித்துத் தருவீர்களா என்று எழுதி, படமெடுத்து மூன்று கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சீட்டு எழுதித் தந்த கடையிலிருந்து, “நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்” என்று மட்டும் வந்தது. இரண்டாவது கடை எல்லாவற்றையும் எழுதி அனுப்பியது. ரேம் விலை ஏறியிருப்பதால் தொகை அவர் நினைத்ததைவிட நாலாயிரம் கூடுதல். மூன்றாவது கடைக்காரர், ஐ5-3470, எச்61 போர்டு, எல்லாம் பழையவை, மூன்று மாதம் கடை வாரண்டி, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, கார்டு இல்லாமல் 9,800 ரூபாய் என்று தாமாகவே எழுதியிருந்தார். பையனுக்கு இப்போதைக்கு டைப்பிங்கும் பைத்தானும்தான், இது போதுமா என்று ஆசிரியை யோசித்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை இருவருமாகப் பென் டிரைவோடு அந்தக் கடைக்குப் போவதாக இருக்கிறோம்.