தயாரா புக்யால்: ரைத்தல் வழியா, பார்சு வழியா?

உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தயாரா. இப்படிப்பட்ட உச்சிப் புல்வெளியைக் கார்வால் மக்கள் 'புக்யால்' என்பார்கள். கயிறு பிடித்து ஏறும் பாறையோ பனியாறோ குறுக்கே வராததால், முதல் இமயமலை நடைக்கு இதையே தயங்காமல் சொல்லலாம். கங்கோத்ரி சாலையில் பட்வாடி வரை போனால் அங்கிருந்து ரைத்தல், பார்சு என்ற இரண்டு ஊர்களுக்கும் ஜீப்பில் போய்விடலாம். இரண்டிலிருந்தும் புல்வெளிக்கு 7 முதல் 9 கிலோமீட்டர் நடை, 1,100 மீட்டருக்கு மேல் ஏற்றம். கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும் நடை வேறு.

முடிவு செய்ய வேண்டியது இரவுத் தங்கலை வைத்துத்தான். புக்யால்களில் இரவு தங்க உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. ஆகவே கூடாரம் கீழே, காட்டு விளிம்பில்தான். ரைத்தல் வழியில் அந்த இடம் குய். மேய்ப்பர்களின் குடில்கள் உள்ள திறந்தவெளி, சுமார் 2,900 மீட்டர். ஊரிலிருந்து அதுவரை மூச்சு வாங்கும், பிறகு ஏற்றம் தணியும். பார்சு வழியில் தங்கல் பர்னாலா தால் என்ற சின்னக் குளத்தருகே. ஓக், புரான்ஸ் (ரோடோடென்ட்ரான்) மரங்களின் நிழல் அந்த வழியெங்கும் கூடவே வரும். மார்ச், ஏப்ரலில் புரான்ஸ் சிவந்து பூத்திருக்கும்போது இறங்க அதைவிட அழகான பாதை வேண்டாம்.

ஆனால் அந்த நிழலே குளிர்காலத்தில் தொல்லை. மிதிபட்டு இறுகிய பனி வெயில் படாமல் கண்ணாடியாகிவிடும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது வழுக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை காலணியில் மாட்டும் முள்தகடும், பனி புகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் கெயிட்டரும் இல்லாமல் அந்தப் பக்கம் இறங்காதீர்கள்.

எங்கள் பரிந்துரை, ரைத்தலில் ஏறி பார்சுவில் இறங்குவது. முதல் நாள் ஊரிலேயே உறங்குங்கள். டேராடூன் 700 மீட்டரைக்கூடத் தொடாது. அங்கிருந்து வந்த மறுநாளே 3,400-க்கு ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம், வந்தால் மேலே போகாமல் இறங்குவதே மருந்து. இரண்டாம் இரவு குய். மூன்றாம் நாள் காலை 6 மணிக்குக் கிளம்பி, நண்பகலுக்குள் புல்வெளியைப் பார்த்துவிட்டு பர்னாலாவுக்கு இறங்கிவிட வேண்டும். மே, ஜூனில் பிற்பகல் மேகம் ஏறி ஆலங்கட்டி கொட்டும். பந்தர்பூஞ்ச் சிகரம் (6,316 மீட்டர்) தெளிவாகத் தெரிவதும் காலையில்தான். பகரியா உச்சிக்கும் போக நினைத்தால் இன்னும் 300 மீட்டர் ஏற்றம். இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

வழி தவறுவது காட்டில் அல்ல, மேலே புல்வெளியில். மாடுகள் போட்ட தடங்கள் பத்தாகப் பிரியும், மூடுபனியில் எல்லாம் ஒன்றுபோலிருக்கும். குய், பர்னாலா இரண்டையும் கைப்பேசி வரைபடத்தில் முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள். புதுத் தடம் போடாமல் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். புல் பெயர்ந்தால் மண் சரிகிறது, அதைத் தடுக்கத்தான் வனத்துறை இங்கே தேங்காய் நார் விரிப்பு பதித்தது.

சொந்த வண்டியை ரைத்தலில் நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இந்தச் சுற்று வேண்டாம். குய்யில் இரண்டு இரவு தங்கி, சுமையை அங்கேயே வைத்துவிட்டு மேலே போய் வந்த வழியே இறங்கலாம். பணத்தை உத்தரகாசியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.