கையால் செய்த ஸ்கோப், மூன்று வருடம்: தொல்லையெல்லாம் கிரவுண்டில்

ஒரு புளூ பில் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சின்ன டிஎஃப்டி திரை, முன்னால் சிக்னலை வாங்கும் டிஎல்082 ஆப்-ஆம்ப் சிப். மூன்று வருடத்துக்கு முன் டாட் போர்டில் நான் சால்டர் செய்த, மின் சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் இவ்வளவுதான். ஆடியோ ஆம்ப்ளிஃபயர் பார்க்க, பிடபிள்யூஎம் (அகலம் மாறும் துடிப்பு) சிக்னல் பார்க்க இன்றும் அதுதான் என் மேசையில். புரோகிராமால் வந்த கோளாறு குறைவு. வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரும், பூஜ்ய வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும் கிரவுண்டும்தான் தூக்கத்தைக் கெடுத்தன.

முதலில் ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஆப்-ஆம்புக்கு பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டுமே என்று 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட்டு, நடுப்புள்ளியை கிரவுண்ட் ஆக்கினேன். சும்மா இருக்கும்போது கோடு அசையாமல் நின்றது. சிக்னல் கொடுத்ததும் ஏறி இறங்கியது. அந்த நடுப்புள்ளியின் உள்தடை 5 கிலோ ஓம். 0.1 மில்லிஆம்பியர் அங்கே திரும்பி வந்தாலே அரை வோல்ட் நகர்ந்துவிடும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையையும் அதே புள்ளியில் வைத்து அளந்துகொண்டிருந்ததால், நகர்வது பூஜ்யம்தான் என்று புரியவே ஒரு வாரம் ஆனது.

அப்புறம் 9-0-9 டிரான்ஸ்ஃபார்மரும், பிளஸ் 5 வோல்ட் ரெகுலேட்டர் 7805, மைனஸ் 5 வோல்ட் ரெகுலேட்டர் 7905-உம் வாங்கினேன். செய்த மடத்தனம்: இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் திருகியது. 7805-இன் முதுகு கிரவுண்ட், 7905-இன் முதுகு இன்புட். இடையில் மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் இல்லை, தகடோ கிரவுண்டோடு சேர்ந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் பியூஸ் காலி. கால் வரிசையும் வேறு: முன்னது இன்புட், கிரவுண்ட், அவுட்புட், பின்னது கிரவுண்ட், இன்புட், அவுட்புட். நல்லவேளை, அதை மட்டும் முன்பே பார்த்திருந்தேன்.

அளவு பிசகியது தனிக் கதை. 9.00 வோல்ட் கொடுத்தால் 9.17 காட்டியது. புளூ பில்லில், வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கு 3.3 வோல்ட் சப்ளையே ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிடும் அளவுகோல். என் போர்டில் அது உண்மையில் 3.24, புரோகிராமில் 3.30 என்று எழுதியிருந்தேன். மாற்றியதும் சரியாகிவிட்டது.

திரையில் ஓயாத நடுக்கம் மட்டும் போகவில்லை. பின்விளக்கின் 80 மில்லிஆம்பியரும் ஏடிசியின் கிரவுண்டும் ஒரே மெல்லிய கம்பியில் திரும்பின. கம்பிக்கு 0.1 ஓம் என்றாலும் 8 மில்லிவோல்ட். 12 பிட் ஏடிசியில் ஏறத்தாழ பத்துப் படிகள். விளக்குக்குத் தனிக் கம்பி போட்டு, எல்லா கிரவுண்டையும் ரெகுலேட்டரின் கிரவுண்ட் காலில் ஒரே இடத்தில் சேர்த்தேன். பத்து ரூபாய் கம்பி, மூன்று மாத எரிச்சல் தீர்ந்தது.

ஒரு தடவை ஸ்கோப்பின் யூஎஸ்பியை டெஸ்க்டாப்பில் செருகிவிட்டு, எல்இடி பல்பு டிரைவரில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜின் மைனஸில் கிரவுண்ட் கிளிப்பை மாட்டினேன். டெஸ்க்டாப்பின் யூஎஸ்பி கிரவுண்ட் வீட்டு எர்த்தோடு இணைந்தது. பிரிட்ஜ் மைனஸோ மெயின்ஸில் நிற்பது. வெடிச் சத்தம், எம்சிபி (வீட்டு சர்க்யூட் பிரேக்கர்) டிரிப், யூஎஸ்பி போர்ட் அவுட். பேட்டரியில் ஓட்டினால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். அப்போது ஸ்கோப்பின் கிரவுண்ட் முழுக்க மெயின்ஸ் ஏறி நிற்கும், தொட்டால் ஆளே போய்விடலாம். பவர் சப்ளை வேலைதான் முக்கியம் என்றால் மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும், கிரவுண்ட் கிளிப் இல்லாமல் இரு புள்ளிகளின் வித்தியாசத்தை அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப்பும் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். நான் இன்னும் வாங்கவில்லை, அதனால் பல்பு டிரைவர் பக்கமே போவதில்லை.